நானே அடக்கம் செய்தேன்

"கருப்பையா மகன் அடைக்கலம் ஆகிய நான், வயது அறுபத்தெட்டு, உண்மையாகவும் உறுதியாகவும் கூறுவது யாதெனில்," என்று மரகதம் வாசித்துவிட்டு, மின்விசிறிக் காற்றில் புரண்ட தாளை மைப்பெட்டியால் அமுக்கினாள். "இதுவரைக்கும் சரிதானே பெரியவரே?" சரிதான் என்று அவர் தலையாட்டினார். பேர் சரி, அப்பா பேர் சரி, வயது ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம், அதை யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. யாதெனில் என்பதுதான் தொண்டையில் நின்றது. யாதெனில் என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் வருவதெல்லாம் சத்தியம். பட்டுக்கோட்டையில் கோர்ட்டுக்கு எதிரே வக்கீல் தர்மலிங்கத்தின் மாடி ஆபீஸ் அது. உள்ளறையில் வக்கீல் யாருடனோ வாய்க்கால் தகராறு பேசிக்கொண்டிருந்தார். வெளியறையில் டைப் மிஷினுக்குப் பின்னால் மரகதம், எதிர் நாற்காலியில் அடைக்கலம், பக்கத்தில் மஞ்சள் பையை மடியில் அணைத்துக்கொண்டு அவர் மகள் இந்திராணி. சுவரோரப் பெஞ்சில் காத்தாயி. தியாகி பென்ஷனுக்கு மனுப் போடுகிறார்கள். யுத்த காலத்தில் மலாயாவில் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளைத் திரட்டிப் பர்மாவுக்கு அனுப்பிய சுதந்திரப் படையில் அவரும் ஒரு ஆள், அதை எழுத்தில் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக இதைத் தட்டிக் கழித்துக்கொண்டு வந்தார். இடுப்பு வலி என்றார், ஆதாரமில்லை என்றார், எனக்கெதுக்கு என்றார். "உங்ககூட இருந்தவங்கள்லாம் வாங்கித் தின்னுட்டுச் செத்தும் போயிட்டாங்கப்பா" என்றாள் இந்திராணி. அதற்கும் அசையாதவரைக் காத்தாயிதான் அசைத்தாள். "ஏந்தம்பி, எனக்கு எழுதிக் குடுத்தவன் ஒனக்கு எழுதிக்க மாட்டியா? நான் வந்து சாட்சி சொல்றேன், போ." காத்தாயி, அவரோடு படையில் இருந்த சன்னாசியின் மனைவி. அவரைவிட ஒரு வயசு மூத்தவள். பேராவூரணிப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள், முடிந்த கொண்டையில் ஈரம்கூட இன்னும் காயவில்லை.

மேஜை ஓரத்தில் டீ கிளாஸ் வைத்த வட்டம் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதைத் தேடி எறும்பு வந்துவிட்டது. சின்ன எறும்பு, கடிக்காத ஜாதி, ஜன்னல் கட்டையிலிருந்து இறங்கி ஃபைல் கட்டைச் சுற்றிக்கொண்டு வரிசையாக வந்தது. அவர் பார்க்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பினார், ஜன்னலிலும் அதேதான், மிஷினைப் பார்த்தார், மிஷின் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தாவிப் போய்த் தாளில் ஒட்டிக்கொண்டன, அவையும் கறுப்பாகத்தான் இருந்தன. எறும்பு இருக்குடா அடைக்கலம், கொஞ்சம் தள்ளிப் படுக்கவையி. அவ்வளவுதான் சன்னாசி அண்ணன் கடைசியாகச் சொன்னது. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பாயைக் கொஞ்சம் இழுத்துப் போடு என்கிற மாதிரி, ஒரு ஆள் இன்னொரு ஆளிடம் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி. சரிண்ணே, தண்ணி எடுத்துக்கிட்டு வந்து தள்ளிப் படுக்கவைக்கிறேன் என்றார் இவர், அப்போது இவருக்கு இருபத்து மூன்று வயது, மூன்று நாளாக அவனைத் தாங்கி வந்த தோள்பட்டை எரிந்தது, சன்னாசிக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக ஆள் பாதியாகிவிட்டான், ஆனாலும் கனத்தான், நோய் கண்ட உடம்பு ஏன் அப்படிக் கனக்கிறது என்று இன்றுவரை தெரியவில்லை. பர்மாவில் பெகு ஊரை விட்டுச் சித்தாங் ஆற்றைப் பார்த்துப் பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள். அது பின்வாங்கல் என்று அப்போது யாரும் சொல்லவில்லை, மாற்று இடத்துக்குப் போகிறோம் என்றார்கள். மழை அந்த வாரம்தான் ஆரம்பித்திருந்தது. மூங்கில் புதர், அடியில் சருகு, சருகுக்குள் செவ்வெறும்பு. ஒரு முன்னூறு அடி தள்ளி ஓடை. தண்ணீர்க் குடுவையை எடுத்துக்கொண்டு போனார், முக்கினார், குமிழி வந்தது, நிரம்பியது, நிமிர்ந்து பார்த்தபோது ஓடைக்கு அந்தப் பக்கம் வரிசையின் வால் போய்க்கொண்டிருந்தது. பின்னால் எங்கோ டாங்கிச் சத்தம். திரும்பினால் முன்னூறு அடி. முன்னூறு அடி போய், அவனைத் தூக்கி, முன்னூறு அடி வந்து. அவர் திரும்பவில்லை. ஓடையில் இறங்கி அக்கரை ஏறிவிட்டார். ஏறியதும் மூச்சு வாங்கியது, தாகமாக இருந்தது, குடுவையைத் திறந்து அந்தத் தண்ணீரைக் குடித்தார்.

"எந்த வருஷம் படையில சேர்ந்தீங்க?" நாற்பத்து மூன்று. "மாசம்?" ஆடியா ஆவணியா, தோட்டத்தில் மரம் சீவுவதை நிறுத்திவிட்டு எல்லோரும் லாரியில் ஏறினார்கள், மாசம் யார் பார்த்தது. "ஆகஸ்ட்டுன்னு போடும்மா" என்றாள் இந்திராணி, அவள் கணக்கில் கெட்டிக்காரி, பால்வாடி ஆயா வேலையில் வருகைப் பதிவேடு எழுதி எழுதி அவளுக்கு எந்தக் கட்டத்தையும் காலியாக விடப் பிடிக்காது. மிஷின் தட்டியது. பயிற்சி முகாம், எட்டு மாதம், உண்மை. கட்டைத் துப்பாக்கி, அப்புறம் நிஜத் துப்பாக்கி, உண்மை. கட்டளையெல்லாம் இந்தியில், இடது எது வலது எது என்று சன்னாசிக்குக் கடைசி வரை பிடிபடவில்லை, எல்லோரும் ஒரு பக்கம் திரும்பினால் அவன் எதிர்ப்பக்கம் திரும்பி முன்னால் இருப்பவன் முகத்தைப் பார்த்து இளிப்பான், அதற்காக இடது மணிக்கட்டில் ஒரு சிவப்புத் துணிக் கிழிசலைக் கட்டிக்கொண்டான், பெண்டாட்டி சேலையில் கிழித்ததா என்று பையன்கள் கேலி செய்தார்கள், பெண்டாட்டி ஊரில் இருக்கிறாள், கல்யாணமாகி ஒரே வருஷத்தில் கப்பலேறிவிட்டேன் என்பான். உண்மை, உண்மை, இதெல்லாம் உண்மை. இதைக் கேட்டால் அவர் விடியும் வரை சொல்லுவார். ஆனால் இந்தத் தாளில் துணிக் கிழிசலுக்கு இடமில்லை. மூங்கில் புதருக்கு அடியில் கிடந்தபோதும் அது மணிக்கட்டில் இருந்தது, சேறு பட்டுக் கறுத்துப் போய், அதை அவிழ்த்தாவது கொண்டுவந்திருக்கலாம், இல்லை, அவிழ்க்க வேண்டுமானால் திரும்பிப் போக வேண்டும், திரும்பிப் போயிருந்தால் துணி எதற்கு, ஆளையே கொண்டுவந்திருக்கலாம். இந்த இடத்துக்கு வந்துதான் நினைப்பு எப்போதும் சிக்கிக்கொள்ளும். நாற்பத்தைந்து வருஷமாக இங்கேதான் சிக்குகிறது. வயலில் நிற்கும்போதும், இந்திராணி கல்யாணத்தில் பந்தி பரிமாறும்போதும், பெண்டாட்டி செத்தபோது கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோதும்கூட, முன்னூறு அடி இருக்குமா, இல்லை இருநூறுதானா என்று கால் தானாக அளந்தது.

புதைத்தேன் என்று அவராகச் சொல்லவில்லை. அக்கரையில், பொழுது சாய்கிற நேரம், ஹவில்தார் ஆள் எண்ணிக்கொண்டு வந்தார். "சன்னாசி எங்கே?" "செத்துட்டான் சார்." "பொதைச்சாச்சா?" "ஆச்சு சார்." அவ்வளவுதான், அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். அந்த இரண்டு வார்த்தையிலிருந்து மற்றதெல்லாம் முளைத்தது. பிடிபட்டு எட்டு மாதம் கம்பிக்குள் இருந்துவிட்டு, கப்பலில் மதராசுக்கு வந்து, ஊருக்குப் போகுமுன் சன்னாசியின் ஊருக்குப் போனார். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் போனார், பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று. காத்தாயி வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள், அவர் காக்கிக் கால்சட்டையோடு தனியாக வந்து நிற்பதைப் பார்த்ததும் கையிலிருந்த துழாவு கட்டையைக் கீழே வைத்தாள். "எப்படிப் போனாரு தம்பி?" காய்ச்சல் அண்ணி. "கூட இருந்தியா?" இருந்தேன். இருந்தேன் என்று சொல்லியாகிவிட்டது. அப்புறம் அவள் கேட்கக் கேட்க அவர் கொடுத்துக்கொண்டே இருந்தார். குழி ஆழமாகத்தான் தோண்டினோம். தலைமாட்டில் ஒரு கல் வைத்தேன். பக்கத்தில் ஒரு மரம், நம்மூர் புங்கை மாதிரி. கடைசியாக உங்க பேரைத்தான் சொன்னார் அண்ணி. வருஷத்துக்கு ஒரு தடவை அவள் வருவாள், இல்லாவிட்டால் இவர் போவார், அதையே மறுபடி கேட்பாள், மரத்தில் பூ இருந்ததா என்பாள், இருந்தது என்பார். பதினேழு வருஷத்துக்கு முன் தியாகியின் விதவைக்குப் பென்ஷன் என்று வந்தபோது அதையே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதில் பயங்கரம் என்னவென்றால் அந்த மரம் அவருக்கும் வளர்ந்துவிட்டது. சில நாள் கண்ணை மூடினால் மூங்கில் புதர் வராது, அந்தப் புங்கை வரும், நிழல் வரும், கல் வரும், அப்பாடா என்று இருக்கும், தூக்கம் பிடிக்கும், பிடிக்கிற நேரத்தில் கல்லின் மேல் எறும்பு ஊரும்.

"ரெஜிமென்ட்ல உங்களோட இருந்தவங்க பேரு ஒண்ணு வேணும்" என்றாள் மரகதம். "அந்த அம்மாவுக்கு நீங்க குடுத்த பழைய சான்றிதழ் நகல் இருக்குல்ல, அதுலேருந்து எடுத்துப் போட்டுட்டேன். அப்பத்தான் ரெண்டும் ஒத்து வரும்." அவள் வாசித்தாள், பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற மாதிரி, எந்தச் சொல்லுக்கும் அழுத்தம் கொடுக்காமல் வாசித்தாள். "மேற்படி பின்வாங்கலின்போது என்னுடன் பணியாற்றிய சன்னாசி என்பவர் காய்ச்சல் கண்டு என் மடியில் உயிர் நீத்தார். அன்னாரை நானே என் கையால் அடக்கம் செய்தேன்." பெஞ்சில் காத்தாயி முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இத்தனை வருஷம் கழித்தும் ஒற்றிக்கொள்ளக் கண்ணில் ஈரம் இருந்தது. அந்த ஈரத்தைத்தான் அவர் பார்த்தார். என் மடியில். என் கையால். கையைப் பார்த்தார், நரம்பு புடைத்து, நகத்தில் மண் இருந்தது, எந்த மண், நேற்று வரப்பு வெட்டிய மண். பேசாமல் இரு, இன்னும் இரண்டு பக்கம்தான், கையெழுத்துப் போட்டுவிட்டால் பஸ் ஏறிவிடலாம். செத்துப் போனால் யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாமல் போய்விடுமே என்பதுதான், அந்த நிமிஷம், அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. தெரிந்த ஒரே ஆள் இவர். இவரும் போய்விட்டால், சன்னாசி என்று ஒருவன் உயிரோடு ஒரு புதருக்கடியில் ஆள் வருமென்று காத்துக் கிடந்தான் என்பதே இல்லாமல் போய்விடும். "அந்த வரி வேணாம்மா" என்றார். "எந்த வரி?" "அடக்கம் செஞ்சேங்கிறது. நான் செய்யலை." இந்திராணி அவர் முழங்கையைப் பிடித்தாள். "அப்பா, பேசாம இருங்க. வெயில்ல வந்தது, கொஞ்சம் தண்ணி குடிங்க." அவர் குடிக்கவில்லை. காத்தாயி பக்கம் திரும்பினார், முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவள் கால் விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் பொதைக்கலை அண்ணி. உசுரோட விட்டுட்டு வந்தேன்."

மிஷின் நின்றிருந்தது. உள்ளறையில் வாய்க்கால் தகராறு மட்டும் நடந்துகொண்டிருந்தது, அத்துக்கல், சர்வேயர், அத்துக்கல். எல்லாவற்றையும் சொன்னார். புதர், ஓடை, வரிசை, குடுவை. குடுவைத் தண்ணீரைக் குடித்ததையும் சொன்னார், அதைச் சொல்லும்போது மட்டும் இரண்டு தடவை ஆரம்பித்தார். காத்தாயி குறுக்கே பேசவில்லை. முடிந்தது என்று தெரிந்த பிறகு, "முழிப்பா இருந்தாரா?" என்றாள். "இருந்தாரு." "நீ போறது தெரியுமா அவருக்கு?" "தண்ணிக்குப் போறேன்னு சொன்னேன்." "எம் பேரைச் சொன்னாருன்னியே." பொய் சொல்ல இன்னும் ஒரு கடைசி வழி திறந்துதான் இருந்தது, அதையாவது விட்டுவைக்கலாம், ஒரு பேர், அதில் யாருக்கு என்ன நஷ்டம். "சொல்லலை அண்ணி. எறும்பு இருக்கு, தள்ளிப் படுக்கவையின்னாரு." "படுக்கவச்சியா?" "இல்லை." அவள் தலையாட்டினாள், சந்தையில் விலை கேட்டுக்கொண்டு தலையாட்டுகிற மாதிரி. அழவில்லை. அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தார், கையை ஓங்குவாள் என்றுகூட எதிர்பார்த்தார், அதற்குத் தோளைக் கொஞ்சம் தாழ்த்திக்கூட வைத்திருந்தார். "சித்திரை அமாவாசைன்னு சொன்னே" என்றாள். அவருக்கு முதலில் புரியவில்லை. "செத்த நாள். சித்திரை அமாவாசைன்னு நீதான் சொன்னே. நீ சொன்ன அன்னிக்குத்தான் தாலியைக் கழட்டினேன். வருசா வருசம் சித்திரை அமாவாசைக்குத்தான் படைக்கிறேன். அந்த நாள்ல அவரு செத்தாரா, இல்லையா?" தெரியாது. அன்றைக்கே செத்திருக்கலாம். மறுநாள், அதற்கு மறுநாள். யாராவது தூக்கிக்கொண்டுபோய்ப் பிழைக்கவைத்திருக்கலாம், ஏதோ ஒரு பர்மாக்கார வீட்டில் கஞ்சி கொடுத்து, அப்படியும் அவர் நினைத்துப் பார்த்ததுண்டு, அந்த நினைப்பு வந்தால் சந்தோஷத்துக்குப் பதில் பயம்தான் வரும், பிழைத்தவன் என்றாவது வாசலில் வந்து நிற்பானே. "தெரியாது அண்ணி" என்றார். "அமாவாசை வாயில வந்துச்சு, சொல்லிட்டேன்."

மரகதம் எழுந்து உள்ளே போய் வக்கீலிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். நல்ல பெண், முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் வேலையாகத்தான் பேசினாள். "பெரியவரே, இது ஒங்க சர்வீஸுக்கான பிரமாணம். நீங்க படையில இருந்தீங்க, பிடிபட்டீங்க, ஜெயில்ல இருந்தீங்க, அது போதும். அந்த வரியை எடுத்துடறேன். வேற ஒண்ணும் எழுத வேணாம்னு சார் சொல்றாரு. எழுதினா பழைய சான்றிதழையும் தோண்டுவாங்க, இந்த அம்மாவுக்குத்தான் சிக்கல்." "எழுதும்மா" என்றார் அவர். "விட்டுட்டு வந்தேன்னு எழுது. அவன் உசுரோட இருந்தான்னு எங்கேயாவது ஒரு எடத்துல இருக்கணும்." இந்திராணி அழ ஆரம்பித்திருந்தாள், கோபத்திலா வேறெதிலா தெரியவில்லை. "எழுத வேணாம்" என்றாள் காத்தாயி. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "எங்கிட்டச் சொல்ல வேண்டியதை அவன் எங்கிட்டச் சொல்லிட்டான். அதை எவனோ ஒரு ஆபீசர் பிரிச்சுப் படிக்கணுமா?" அவர் மறுபடி வாயெடுத்தார். "வேணாங்கிறேன்ல" என்றாள், சத்தம் உயரவில்லை, இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. மரகதம் புதுத் தாள் செருகினாள். அடக்கம் செய்தேன் இல்லாமல் அந்தப் பக்கம் ஒரு வரி குறைந்து போயிற்று, பின்வாங்கினோம் என்பதற்கும் பிடிபட்டேன் என்பதற்கும் நடுவில் எதுவுமில்லை, ஒரு மூச்சு விடுகிற இடம்கூட இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் இத்தனை வருஷமும் இருந்தோம் என்று அவருக்குத் தோன்றியது. சாட்சியின் பக்கத்தை வாசித்துக் காட்டினாள்: "மேற்படி அடைக்கலம் என்பவரை எனக்கு நாற்பத்து நான்கு ஆண்டுகளாக நன்கு தெரியும்." காத்தாயி எழுந்து வரவில்லை. மேலே மின்விசிறி சுற்றியது. கீழே தெருவில் ஒரு ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான், சத்தம் தேய்ந்து முடியும் வரை அவள் உட்கார்ந்தே இருந்தாள். வரமாட்டாள் என்று அவர் தீர்மானித்தபோது எழுந்து வந்து கட்டைவிரலை நீட்டினாள். மரகதம் அதை மையில் உருட்டித் தாளில் வைத்தாள். ரேகை கொஞ்சம் இழுத்துக்கொண்டது, பரவாயில்லை என்றாள் மரகதம்.

வக்கீல் கூப்பிட்டார். நின்றுகொண்டே சத்தியம் செய்ய வேண்டும். "இதுல உள்ளதெல்லாம் உங்க அறிவுக்கு எட்டினவரை உண்மைதானே?" என்று பேனாவைத் திறந்தபடியே கேட்டார், ஒரு நாளைக்கு இப்படிப் பத்துப் பேரைக் கேட்கிறவர். "உள்ளது உண்மைதாங்க" என்றார் அடைக்கலம். சீல் விழுந்தது. வெளியே வந்தபோது காத்தாயி மாடிப்படிக்குப் போகாமல் சுவர்க் காலண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள், எழுத்துத் தெரியாதவள், தாளைக் கிட்டப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்திராணி, இன்னிக்கு என்ன திதின்னு பாரு" என்றாள். இந்திராணி மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "சப்தமி அத்தை." "வளர்பிறையா?" "தேய்பிறை. ஐப்பசி தேய்பிறை சப்தமி." காத்தாயி அதை உதட்டுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். அவரைப் பார்க்காமல், காலண்டரையும் பார்க்காமல், "இனிமே இதுதான் நாள்" என்றாள். "அடுத்த வருசம் காலையிலயே வந்துடு. எலை போடுறப்ப நீ இருக்கணும்." அவ்வளவுதான். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள், இவர்களுக்காக நிற்கவில்லை. அடைக்கலம் மகள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், கோர்ட் வாசலைத் தாண்டினார், வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். ஏதோ கேட்டாள் இந்திராணி, பதில் சொன்னால் மறந்துவிடும் என்று பயமாக இருந்தது, கடைக்கு அனுப்பிய பிள்ளை வாங்க வேண்டியதைச் சொல்லிக்கொண்டே ஓடுமே அப்படி, ஐப்பசி தேய்பிறை சப்தமி, ஐப்பசி தேய்பிறை சப்தமி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தார்.